(ஆ), (இ) எழவில்லை

பதிலை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன்.
பொதட்டூர்ப்பேட்டையில் தறிச்சத்தம் காருக்குள் ஏறிக்கொண்டது,
கண்ணாடியை ஏற்றியும் இறங்கவில்லை.
பள்ளிப்பட்டில் ஒரு டீ.
அதற்கப்பால் கைப்பேசி அதிர்ந்து சொன்னது:
ஆந்திரப் பிரதேசம் உங்களை வரவேற்கிறது.
நான் என் தொகுதிக்குள்தான் இருந்தேன்.

கேள்வி எண் நூற்றுப் பதினேழு. நட்சத்திரக் குறியிட்டது.
முதலில் நான் எழுதியது வேறு.
முனிலட்சுமி என்று எழுதியிருந்தேன்,
ஈச்சங்கண்டிகை காலனி என்று,
ஐப்பசி மழை, இரவு இரண்டே கால் என்று.
ஆம்புலன்ஸ் ஊர்ப் புளியமரத்தடியில் நின்றுவிட்டது,
காலனிச் சந்தில் வண்டி திருப்ப இடமில்லை என்றார்கள்.
என் பிரச்சார வேன் அங்கே திரும்பியிருக்கிறது,
இரண்டு முறை.
அதையும் எழுதியிருந்தேன்.

பேரவைச் செயலகத்தில் ஒரு நல்ல மனிதர்
சிவப்பு மையால், கோபமே இல்லாமல் அடித்தார்:
'கேள்வியில் பெயர் வேண்டாம்மா.
அனுமானம் கூடாது. கிண்டல் கூடவே கூடாது.'
அடித்தபின் மிஞ்சியது,

(அ) எல்லையோரக் குடியிருப்புகளுக்கு அவசர ஊர்தி வசதி உள்ளதா;
(ஆ) இல்லையெனில், அதற்கான காரணம் என்ன;
(இ) அதன் பொருட்டு வேற்று மாநிலத்தில் மகப்பேறு அடைந்தோர்க்கு
உதவித்தொகை கிடைக்க அரசு ஆவன செய்யுமா?

ஆவன.
என் வாயால் ஒருநாளும் சொல்லியிராத சொல்.

அமைச்சர் எழுந்தார். நல்ல குரல்.
'(அ) உள்ளது.
(ஆ) எழவில்லை.
(இ) எழவில்லை.'
அமர்ந்தார்.
துணைக் கேள்விக்கு நான் எழுந்தபோது
எதற்காகவோ யாரோ மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
'உங்கள் வண்டி எந்த மரம் வரைக்கும் வரும்?' என்றேன்.
அவை சிரித்தது.
நானும், வெட்கக்கேடு, கொஞ்சம் சிரித்துவிட்டேன்.
மணி அடித்தது. அடுத்தது மீன்வளம்.

இன்று என் காரும் புளியமரத்தடியில்தான் நின்றது.
டிரைவர் செங்கல்ராயன் சந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
சாவியைத் திருப்பி அணைத்தார்.
நடந்தேன்.

முனிலட்சுமி தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.
பையனுக்கு எட்டு மாதம்.
கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கி,
ஓடையில் இறங்கி ஏறி,
அந்தப் பக்கத்து ஷேர் ஆட்டோவில் நகரிக்குப் போய்ப் பிறந்தவன்.
சான்றிதழ் தெலுங்கில் இருக்கிறது.
பணத்துக்கு மூன்று நாள் கூலியை விட்டு அலைந்தாள்.
'பிள்ளை அந்த மாநிலம்' என்றார்கள் இங்கே.
'தல்லி தமிழ்நாடு கதா' என்றார்கள் அங்கே.

பதிலைப் பிரித்துப் படித்துக் காட்டினேன்.
அவள் கேட்டதால் இன்னொரு முறை.
'எழவில்லைன்னா?'
ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள்.
'தூங்குதா, கேள்வி?'
'இல்ல முனி, அது ஒரு நடைமுறை, அதாவது முதல் பதில்ல…'
'லேப்பக்கா' என்றாள்.
எழுப்பு.
'அன்னைக்கு நான் எழுந்து நிக்க மூணு பேர் பிடிச்சாங்க.
இதுக்கு எத்தனை பேர் வேணும்?'

நான் அங்கே இருநூற்றுச் சொச்சம் பேரோடு உட்கார்ந்திருக்கிறேன்.
சொல்லவில்லை.
அதற்குள் பையன் தவழ்ந்து வந்து
காகிதத்தின் முத்திரையுள்ள மூலையை வாயில் வைத்திருந்தான்.
பிடுங்கவில்லை. நகல் இருக்கிறது.

திரும்பும்போது சந்தின் அகலத்தை
செருப்பைக் கழற்றி, காலுக்குக் கால் ஒட்டி வைத்து அளந்தேன்.
ஒரு திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள்
எம்எல்ஏவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.
பதினேழு காலடி.
அடுத்த கூட்டத்தொடருக்குக் காரிலேயே எழுதத் தொடங்கினேன்:
(அ) பதினேழு காலடி அகலத்தில் ஓர் ஊர்தி திரும்புமா?

பெயர் இல்லை. அனுமானம் இல்லை.
கிண்டல் இருந்தால்
அந்த நல்ல மனிதர் அடித்துக்கொள்ளட்டும்.